காற்றுக்கு வைத்த முறை

வேப்பந்தட்டை நல்லுசாமிக்கு ‘முடியாது’ என்ற சொல் வாயில் வராது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில், கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கேட்டு நடையாய் நடந்தவரிடம் ஒரு ஆபீசர், “கரியை எரிச்சு எடுக்கிற கரண்டை நம்பாதீங்க. கரி ஒருநாள் தீரும், காத்து தீராது” என்று சொல்லி, கிணற்றின் மேல் தண்ணீர் இறைக்கிற காற்றாடி ஒன்றை நட்டுவிட்டுப் போனார். அதற்கும் நல்லுசாமி தலையாட்டினார்.

ஆனி மாத மேல்காற்றில் காற்றாடி சுற்றியது. தண்ணீர் வந்தது, சின்ன வெங்காயம் நிமிர்ந்தது. அந்த வருஷத்துச் சோறே அந்த வெங்காயம்தான். கிழக்கே களம் வைத்திருந்த ராசாங்கம் கேழ்வரகு தூற்ற முறத்தைத் தூக்கினார். அன்று பார்த்துக் காற்று விழுந்துவிட்டது. நேரே சண்டைக்கு வந்துவிட்டார்.

“எரிச்சா கரி தீருதுல்ல மாப்ள? அப்ப சுத்துனா காத்து தீராதா? எங் களத்துக் காத்தை ஒங் காத்தாடி தின்னுபுடுச்சு!”

ஊர் கூடி யோசித்தது. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது, என்ன செய்ய! பங்குக் கிணற்றில் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல் காற்றுக்கும் முறை வைத்தார்கள். பகல் காற்று களத்துக்கு, இருட்டிய பிறகு காற்றாடிக்கு. இருட்டிய பிறகு அங்கே இலைகூட அசையாது. நல்லுசாமி அதற்கும் தலையாட்டிவிட்டு, பகலெல்லாம் காற்றாடியைக் கயிற்றால் கட்டிப்போட்டார். தண்ணீரில்லாமல் வெங்காயத் தாள் வாடிச் சாய்ந்தது. அவர் மனைவி பொன்னாயிக்கு வயிறு எரிந்தது.

கேழ்வரகு வீடு சேர்ந்ததும் காற்று அடியோடு நின்றுவிட்டது. ராசாங்கத்துக்கு மனசு உறுத்தியது. “ஒம் பங்கு காத்தையும் நானே எடுத்துக்கிட்டேன் மாப்ள. திருப்பிக் குடுத்துடறேன்” என்று பெண்டுபிள்ளைகளோடு வந்து, கயிற்றை அவிழ்த்து, காற்றாடியின் கீழே வரிசையாக நின்று முறத்தால் விசிறினார். எல்லோருக்கும் வேர்த்து ஊற்றியது. காற்றாடி அசைந்தால்தானே!

பொன்னாயி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

“போதும்ண்ணே. மொறத்தக் கீழ வச்சிட்டு ஆளுக்கொரு கொடத்த எடுங்க.”

பொழுது சாய்வதற்குள் கையால் இறைத்தே வயல் முழுக்க நனைந்துவிட்டது. பயிர் பிழைத்த சந்தோஷத்தில் பொன்னாயி அழுதேவிட்டாள்.

மறுநாள் ஆபீசர் வந்தார். காற்றே இல்லாத வெயிலில் வயல் ஈரமாகக் கிடப்பதைக் கண்டு பூரித்துப் போனார்.

“பாத்தீங்களா, காத்தாடி எப்படி வேலை செய்யுதுன்னு! பக்கத்துக் கிணத்துக்கும் ஒண்ணு போட்டுடலாமா?”

பக்கத்துக் கிணறு ராசாங்கத்துடையது. “மாப்ள, வேணாம்னு சொல்லு” என்று அவர் பதறினார்.

நல்லுசாமி இருவரையும் பார்த்துத் தலையாட்டினார்.