அன்டெனாக் குழாய்

கோப்பாயில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் அன்டெனாக் குழாய் கிறீச்சிடுகிறது. எண்பத்தேழு வயதுப் பெரியப்பா அதைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். உள்ளே, அவருடைய புதுத் தொலைக்காட்சிக்கு முன்னால் நான் இருக்கிறேன்.

இதே சத்தத்தைப் பத்து வயதில் கேட்டேன். நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்புப் புதிதாகத் தொடங்கிய வருடம் அது. வாரத்துக்கொரு நிகழ்ச்சி புதிதாக வரும். எங்கள் ஒழுங்கை வீடுகளில் பெரியப்பாவிடம் மட்டும்தான் பெட்டி இருந்தது. முதல் தமிழ் நாடகம் வந்த அன்று என்னைக் குழாயடியில் நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து கத்தினார்.

“உங்காலை, உந்தப் பக்கம் திருப்பு... காணும், காணும், நிப்பாட்டு!”

“நானும் உள்ளை வரட்டே, பெரியப்பா?”

“விட்டால் காத்து திருப்பிப்போடும். பிடிச்சுக்கொண்டு நில்.”

அந்த வருடம் முழுக்க அப்படித்தான். அவருடைய பிள்ளைகள் பாயில் இருந்து பார்த்தார்கள். நான் துரு மணக்கும் கைகளோடு, யன்னலால் வந்த சிரிப்பை மட்டும் கேட்டேன்.

இன்று படம் கூரையில் பூட்டிய டிஷ்ஷிலிருந்து வருகிறது. குழாயிலிருந்து பெட்டிக்கு வயரே இல்லை. அது பெரியப்பாவுக்குத் தெரியாது. திருப்பிப் பாருங்கோ என்று அவரை வெளியே அனுப்பியது நான்தான்.

“பிள்ளை, இப்ப தெளியுதே?”

படம் தொடக்கத்திலிருந்தே துல்லியமாக இருக்கிறது. நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொள்கிறேன்.

“இல்லைப் பெரியப்பா, இன்னும் கொஞ்சம் உங்காலை. கையை விட்டிடாதேங்கோ, காத்து அடிக்குது.”