பாண்டி பஜார் பூனை

பாண்டி பஜார் நடைபாதையில் டி-ஷர்ட் விற்பவர் அவர். தலைக்கு அடித்த கறுப்புச் சாயம் நெற்றியிலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. பேசும்போதெல்லாம் சட்டையில் இருக்கும் படத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

அன்று அவர் நீவியது என் தோழி வரைந்த பூனையை. மீன் கூடைக்குப் பக்கத்தில் பரம சாதுவாக உட்கார்ந்திருக்கும் பூனை. அவள் இணையத்தில் போட்டிருந்ததை எடுத்து, அவளைக் கேட்காமலே அச்சடித்திருந்தார். சண்டை போட அவளுக்குத் துணையாக நானும் போயிருந்தேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"நெட்ல கீறத அல்லாரும்தாம்மா எடுக்கறாங்க. இந்தப் பூனைதான் நம்மகிட்ட நல்லா போவுது."

அவள் முறைத்தாள். ஆனால் உதட்டோரம் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்ததை நான் கவனித்துவிட்டேன். எனக்கு வயிறு எரிந்தது. நானும் படம் வரைகிறவன். அவளுக்கு முன்பிருந்தே இணையத்தில் போடுகிறவன். தொங்கிய சட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். யார் யாருடைய படங்களோ இருந்தன. என்னுடையது ஒன்றுகூட இல்லை.

அவள் போன் பேச நகர்ந்த நேரத்தில், நான் வரைந்த மயிலாப்பூர் தெப்பக்குளத்தை என் போனில் அவரிடம் காட்டினேன்.

"இதைப் பார்த்ததே இல்லையா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாத்துகீறேன் சார். ஓரமா உங்க பேரு போட்ருந்துச்சு. அதான் எடுக்கல."

மரியாதையாகத்தான் சொன்னார். தோழியின் பூனைக்குக் கீழேயும் அவள் பெயர் இருந்தது. அதைச் சுவடே தெரியாமல் அழித்து, அந்த இடத்தில் ஒரு மீனை வைத்திருந்தார்.