மச்சின் மேல் கீழ்க்குரல்

என் வீட்டுக்காரர் பாடுவதற்கென்று கொண்டுவந்த தாளில் பாட்டையே காணோம்.

ஒரு ஸ இருந்தது. பக்கத்தில் இன்னொரு ஸ. பிறகு ஒரு ப. மறுபடி ஸ, ஸ, ஸ என்று கோடு போட்டு இழுத்திருந்தது. கீழே லத்தீன் வார்த்தைகளைத் தமிழெழுத்தில் எழுதியிருந்தார் உபதேசியார். ஆம்பூரில் எங்கள் கோயில் ஆர்கனை மிதித்து வாசிப்பவரும் அவர்தான். என் வீட்டுக்காரருக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் கன்னியர் மடத்தில் வளர்ந்து அங்கேயே தையல் சொல்லிக்கொடுப்பவள். அதனால் தாள் என் கைக்கு வந்தது.

"இதுல பாட்டு எங்கங்க?" என்று கேட்டேன்.

"இன்னா கேக்கறே? இதான் பாட்டு. கீழ்க்குரலுக்கு இவ்ளோதானாம்."

அவர் பாடிக் காட்டினார். கிணற்றுக்குள் யாரோ ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அது புதுப் பூசைப் பாட்டு. எங்கள் வெள்ளைக்காரச் சாமியார் தம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்தது. இதை எழுதியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அவர் பிரசங்கத்தில் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லத்தீன் பாட்டெல்லாம் அப்போஸ்தலர் காலத்திலிருந்து அண்டா குண்டா போல வழிவழியாக வருவது என்றுதான் நினைத்திருந்தேன். யாரோ ஒரு மனிதர் காலையில் பல் தேய்த்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்! அவருக்கு ஆம்பூர் என்று ஒன்று இருப்பது தெரியுமா, சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிற ஒருவர் தம் ஸ-வைப் பிடித்துக்கொண்டு திண்டாடுவது தெரியுமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே தையலைக் கோணலாகப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி ஆள். ஊறிய தோலைக் கூட்டாக இழுக்கும்போது அவரும் அவருடைய ஆட்களும் போடுகிற குரல் பாலாற்று மணல்வரை கேட்கும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் சாமியார் அவர்களை மச்சுக்கு ஏற்றினார். கோயில் வாசலுக்கு மேலே, ஆர்கன் இருக்கிற அந்த மச்சில், அதுவரை கடைத்தெருக் குடும்பங்களின் ஆண்களும் பையன்களும் மட்டும்தான் நின்று பாடினார்கள். கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று பிரசங்கம் நடக்கும். படிக்கட்டு ஏறினால் இருக்கும். புதுப் பாட்டு மூன்று குரல் கேட்டது, அதில் ஒன்று மிகவும் கீழே போனது, கடைத்தெருவில் அவ்வளவு கீழே போக ஆள் இல்லை. அதனால்தான் இவர்களுக்குக் கதவு திறந்தது. இது என் வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஒத்திகைக்குப் போகுமுன் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். நான் திருநாளுக்கென்று புதுச் சட்டை தைக்க ஆரம்பித்தேன்.

பெண்கள் மச்சு ஏறக்கூடாது. ஆனால் பீடத்துத் துணிகளுக்கு ஓரம் அடிக்கிற வேலை என்னுடையது. அதை ஞாயிறு மத்தியானம் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்து செய்யக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒத்திகை முழுக்கக் கீழிருந்து கேட்டேன். பையன்கள் ஒன்று பாட, நடுக்குரல்காரர்கள் இன்னொன்று பாட, அடியில் என் வீட்டுக்காரரின் ஸ நின்றது. வீட்டில் அசடாக இருந்த அதே ஸ இங்கே தரையாக இருந்தது. மற்றதெல்லாம் அதன்மேல்தான் நடந்தது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

கடைசிப் பகுதியில்தான் வம்பு. 'தோனா நோபிஸ் பாச்செம்', அதாவது எங்களுக்குச் சமாதானம் தந்தருளும் என்று வருகிற இடம். பாச்செம் என்ற சொல்லுக்கு முன்னால், இவர்கள் ஸ-வில் நிற்க, நடுக்குரல் வந்து பக்கத்து ரி-யில் உட்காரும். பையன்கள் நி-யில் நிற்பார்கள். பல் கூசும். உடனே பாட்டு நின்றுபோகும். ஒவ்வொரு தடவையும் அதே இடம். பழி ஒவ்வொரு தடவையும் கீழ்க்குரலுக்கு.

"தோல்காரங்க சுருதிய வுட்டுட்டாங்க" என்று மேலேயிருந்து ஒரு குரல் வரும். இவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவார்கள். மூன்றாவது ஞாயிறு உபதேசியார், "அடுத்த வாரமும் இப்பிடித்தான்னா கீழ்க்குரல் வேணாம். நான் ஆர்கன்லயே புடிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர்தான், பாவம். திருநாள் நெருங்குகிறது, சாமியார் கிராமங்களைச் சுற்றப் போயிருக்கிறார், கேட்க ஆளில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் தாளை என் மடியில் போட்டார். "நீயே பாரு. நான் தப்பாவா பாடறேன்?"

பார்த்தேன். தாளில் கீழ்க்குரல் மட்டும்தான் இருந்தது, அந்த இடத்தில் ஸ. அவர் பாடியதும் ஸ. தப்பே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட, அந்த இடம் என்னதான் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

"அந்த எடத்துக்கு அடுத்தது இன்னா வருது?"

"அடுத்ததா? அங்க யாரு போயிருக்கா?"

எனக்குப் பளிச்சென்று பட்டது. எங்கள் கோயிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் பாட்டை எடுப்பார், மற்றவர்கள் கூடச் சேர்வோம். யாருக்காவது குரல் விலகினால் உடனே வாயை மூடிக்கொண்டு, பிறகு மெதுவாகச் சேர்ந்துகொள்ள வேண்டும். அதுதான் மரியாதை. இந்தப் பாட்டில் குரல்கள் உரசியதும் எல்லாரும் அதே மரியாதையோடு ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். சிலர் மற்றவர் பக்கம் சரிகிறார்கள். எழுதிக்கொடுத்த உபதேசியார் உட்பட, உரசலுக்கு அப்புறம் வருவதை ஆம்பூரில் ஒருவரும் காதால் கேட்டதில்லை.

"நீங்க ஸ-வ புடிங்க. நான் நடுக்குரல்காரங்க பாடறத பாடறேன்" என்றேன்.

அவர் பிடித்தார். நான் ரி-க்கு வந்தேன். அவர் குரல் அப்படியே என் பக்கம் ஏறிவிட்டது.

"ஏங்க வந்தீங்க?"

"நீ அந்தக் கத்து கத்தினா வராம?"

மறுபடி பாடினோம். இந்தத் தடவை நான் அவர் பக்கம் இறங்கிவிட்டேன். அவர் சிரித்தார். பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "இன்னா அக்கா, சண்டையா? ஒரே பேஜாரா கீது" என்றாள். பூசைப் பாட்டு என்றேன். அவள் நம்பவில்லை.

பிறகு என் வீட்டுக்காரர் தாளை மடித்து ஓரமாக வைத்தார். "ஈரத் தோல விரிக்கறப்ப ரெண்டு பேரு எதிரும் புதிருமா நின்னு இழுப்போம். அவன் இழுக்கறான்னு நான் வுட்டுட்டா தோலு சுருங்கிப்பூடும். வா, இன்னொரு வாட்டி. நான் வுடமாட்டேன், நீயும் வுடாத."

இருவரும் விடவில்லை. காதுக்குள் ரீங்காரம் போட்டது. அங்கேயே நிற்க முடியாமல் என் குரல் தானாகவே மேலே க-வுக்கு ஏறிற்று. வீடே விசாலமானது போல இருந்தது. நடுக்குரல்காரர்களின் தாளில் அப்படி எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வேறெங்கும் போக வழியில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அடுத்த ஞாயிறு அந்த இடம் வந்தது. வழக்கம்போல ஆர்கன் நின்றது, பையன்கள் நின்றார்கள், நடுக்குரல் நின்றது. கீழ்க்குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"ஏம்பா நிறுத்தல?" என்றார் உபதேசியார்.

"அய்யா, ஒரு வாட்டி அடுத்தது இன்னான்னு பாத்துடலாங்க" என்றது என் வீட்டுக்காரரின் குரல்.

மேலே தாள் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு உபதேசியார் சிரித்தார். "எனக்குந்தான்பா அத தெரிஞ்சிக்கணும். யாரும் நிறுத்தாதீங்க. அசிங்கமா இருந்தாலும் போங்க" என்றார். போனார்கள். உரசல் வந்தது, நின்றது, வலித்தது; பிறகு நடுக்குரல் க-வுக்கு ஏற, பையன்கள் ஸ-வில் வந்து இறங்க, பாச்செம் என்ற சொல் விரிந்தது. எங்கள் வீட்டில் வந்த அதே க. எழுதிய மனிதருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

திருநாள் பூசையில் அந்த இடம் வந்தபோது பெண்கள் பக்கத்தில் பாதிப்பேர் திரும்பி மச்சைப் பார்த்தார்கள். என் பக்கத்திலிருந்தவள், "உன் வூட்டுக்காரு கோட்ட வுட்டுட்டாரு" என்று என் காதில் சொன்னாள். "கொஞ்சம் இரு" என்றேன். அவள் வாயை மூடுவதற்குள் சமாதானம் வந்துவிட்டது.

ஆனால் பூசை முடிந்து படியடியில் நின்றபோது கடைத்தெருப் பெரியவர் ஒருவர் உபதேசியாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பெரிய பூச முடிஞ்சிச்சி இல்ல? இனிமே அவங்க கீழயே நிக்கட்டும். சாதாப் பாட்டுக்கு கீழ்க்குரல் எதுக்கு?" உபதேசியார் பாட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் "உம்" என்றார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். கோயிலுக்குள் நுழைந்ததும் நான் பெண்கள் பக்கம் போனேன். மச்சுப் படிக்கட்டு கிறீச்சிட்டது. பின்னாலேயே அவருடைய ஆட்களும் ஏறினார்கள்.

மேலே பேச்சு நின்றுபோயிற்று. பாட்டு ஆரம்பிக்க வேண்டிய நேரம் கடந்தது. யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. ஒருவர் செருமினார். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று ஜெபமாலையை இறுக்கிக்கொண்டேன். விடாதீங்க, அவங்க பக்கமும் சாயாதீங்க, கீழேயும் இறங்காதீங்க, அப்படியே நில்லுங்க என்று வேண்டிக்கொண்டேன். மாதாவிடம் வேண்டினேனா அவரிடமா என்று தெரியவில்லை.

ஆர்கன் பெடல் அசைகிற சத்தம் கேட்டது. காற்று ஏறியது. வழக்கமாக உபதேசியார் பையன்களுக்குத்தான் முதலில் சுருதி கொடுப்பார். அன்று அவர் முதலில் கொடுத்தது கீழ் ஸ.