யாரும் கூப்பிடாதீர்கள்

அந்த உணவகத்தைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டிருப்பதை நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே மேகம், உள்ளே ஆட்டம் பாட்டம், பிறந்தநாள் என்றால் பரிமாறுபவர்களே வந்து ஆடுகிறார்கள் என்று. வேறு சிலர், எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழவில்லை, கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்று புலம்பியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியது மட்டும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: 'சாப்பாடு அருமை. ஆனால் ஒரு குழந்தைக்காகப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். மாலையே பாழ். இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.'

என் மகளைத்தான் சொல்கிறார்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. ஆட்டிசம் உண்டு. பேச்சு மிகக் குறைவு. திடீரென்று சத்தம் கேட்டால் அடி வாங்கியவள் மாதிரி ஓடுவாள். ஓடுகிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் வேகமாக ஓடுவாள். அந்தக் குரலும் அவளுக்கு ஓர் அடிதான். நாங்கள் இருப்பது கொடைக்கானலுக்கு மேலே, மேல்மலைக் கிராமமான பூண்டியில். கணவருக்குப் பூண்டும் கேரட்டும் விவசாயம், எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. ஊரில் அவள் எந்தப் பக்கம் ஓடினாலும் யாராவது தெரிந்தவர் பூண்டுக் காட்டில் வேலையாக நின்றுகொண்டிருப்பார், பேசாமல் பார்த்துக்கொள்வார். வெளியூருக்கு அவளைக் கூட்டிப்போவதையே நான் தவிர்த்துவிடுவேன்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த தம்பிதான் கொடைக்கானலில் போய்ச் சாப்பிடலாம் என்றான்.

"நீ இப்படிப் பயந்துக்கிட்டே இருந்தா அவ எப்பக்கா நாலு எடம் பாக்குறது? ஓரமா ஒரு மேசை சொல்லியிருக்கேன். சரிப்படலன்னா அடுத்த நிமிசம் கெளம்பிருவோம்."

"பிள்ளைக்கு உருளைக்கெழங்கு வறுவல்னா உசுரு," என்றார் கணவர். "ஒருதரம் போய்ட்டு வெரசா வந்துருவோம்."

வெளிச்சம் இருக்கும்போதே எங்கள் ஜீப்பில் போய்விட்டோம். ஓரத்து மேசைதான். மேடையில் ஒருவர் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் நீண்ட மேசையைச் சுற்றி ஏதோ ஒரு கம்பெனி ஆட்கள் நாற்பது பேர் இருப்பார்கள். மகள் காதடைப்பானை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள்கூட. கணவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம கேரட்டத்தான் நாலா வகுந்து நட்டு வச்சுருக்கான். இதுக்கு வாயில நொழையாத பேரு வேற."

"மாமா, சத்தமாச் சொல்லாதீங்க, மானம் போகுது," என்றான் தம்பி. நானும் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அதுதான் கடைசி.

வறுவல் வந்தது. மெல்லும்போது தாடையில் உரசும் என்பதால் சாப்பிடும் நேரத்தில் மகள் காதடைப்பானைக் கழற்றிவிடுவாள். அன்றும் கழற்றி மடியில் வைத்தாள். அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். பரிமாறுபவர்கள் ஏழெட்டுப் பேர், தலையில் மினுமினுப்புத் தொப்பி, கையில் எவர்சில்வர் தட்டு, கரண்டி. எங்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டு தட்டுகளை அடித்துப் பிறந்தநாள் வாழ்த்துப் பாடினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் இனாமாகக் கிடைக்குமே என்று, அவளுக்குப் பிறந்தநாள் எனத் தம்பி அவர்களிடம் விளையாட்டாகச் சொல்லிவைத்திருக்கிறான்.

நான் கையை நீட்டுவதற்குள் நாற்காலி காலியாக இருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. படம் எடுக்கப் போகிறவர்கள் திறந்து வைத்திருந்தார்கள். வெளியேதான் ஓடியிருப்பாள் என்று எல்லாரும் வெளியே ஓடினோம். கண்ணுக்கு எட்டின தூரத்துக்குப் பனி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர், அதற்குப் பிறகு பள்ளம். காட்டுமாடுகள் சாவகாசமாக நடந்துபோகிற ரோடு அது. உதவிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் நல்லவர்கள். அத்தனை பேரும் கத்தினார்கள். "பாப்பா! ஏ பாப்பா!" எங்கள் மேல்மலைக்காரர்களுக்குப் பனி இறங்கினால் குரல்தான் கயிறு. ஒருவரை ஒருவர் கூவிக்கொண்டேதான் வீடு சேருவார்கள். என் கணவரும், எல்லாம் தெரிந்தும், அந்தப் பழக்கத்தில் வாயைக் குவித்துக் கூவினார். நான் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன்.

மேலாளர் வந்தார். இளவயதுக்காரர்.

"மேடம், நம்ம பசங்க அஞ்சு பேர அனுப்பிருக்கேன். தேடிட்டுதான் இருக்காங்க."

"கத்தாமத் தேடச் சொல்லுங்க. உள்ள பாட்ட நிறுத்துங்க."

"கூப்பிடாம எப்படி மேடம் தேடுறது? பாட்ட நிறுத்துனா உள்ள பார்ட்டிக்காரங்க சண்டைக்கு வருவாங்க மேடம்."

அவர் கேட்டதில் தப்பு இல்லை. விளக்கிச் சொல்ல எனக்குத்தான் மூச்சு இல்லை. உள்ளே போனேன். மேடையில் இருந்தவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டேன். கும்பிட்டேன். என்னை ஆட வந்தவள் என்று நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். குனிந்து, கைக்கு அகப்பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கினேன். பாட்டு நின்றது. பாதி விளக்கும் அணைந்தது.

"ஏய், யாருப்பா அது?"

"சாப்பிட வந்த எடத்துல என்னங்க இது கூத்து!"

"வாய மூடுங்க சார், பிள்ளையக் காணோம்னு அழுறாங்க," என்றது ஒரு பெண் குரல்.

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பை அடக்குகிற குரல் எனக்கு உண்டு. அது அப்போது வரவில்லை. வந்த குரலில் சொன்னேன். "தயவு செஞ்சு யாரும் பேசாதீங்க. கூப்பிடாதீங்க. சத்தம் இல்லன்னா அவளே வருவா."

வருவாள் என்று எனக்கு என்ன நிச்சயம்? எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் அடங்கினார்கள். முணுமுணுத்தவர்களும் அடங்கினார்கள். சமையலறையில் எண்ணெய் கொதிப்பது அங்கே வரைக்கும் கேட்டது.

நீண்ட மேசையின் விரிப்பு அசைந்தது. அடியிலிருந்து ஒரு கை, பிறகு தலை. அத்தனை நேரமும் நாற்பது பேர் கால்களுக்கு நடுவில் சுருண்டு கிடந்திருக்கிறாள். அந்த மேசையில் இருந்த ஓர் அம்மா வாயில் கை வைத்தார்.

"ஐயோ, கால்ல பட்டுச்சு, நான் நாய்க்குட்டின்னுல்ல நெனச்சேன்."

மகள் எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். நாலு எட்டு எடுத்து வைத்தால் தொட்டுவிடலாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அவர்கள் கை தட்டினார்கள்.

சந்தோசத்தில்தான் தட்டினார்கள். இன்றுவரை அவர்களை என்னால் திட்ட முடியவில்லை. பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று நாற்பது பேரும் ஒரே மூச்சில் தட்டினார்கள், ஒருவர் விசிலும் அடித்தார். அவள் என்னைத் தாண்டி, கதவைத் தாண்டி, உண்மையாகவே பனிக்குள் ஓடினாள்.

இந்த முறை அவள் பாவாடை கண்ணில் இருந்தது. ரோட்டைக் கடந்து தடுப்புச் சுவரில் ஏறி, கால்களை அந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள். நான் ஒரு சேலை நீளத்துக்கு இப்பால் நின்றுவிட்டேன். இன்னும் நெருங்கினால் அவள் முன்னால்தான் நகர்வாள். முன்னால் நகர அங்கே இடம் இல்லை.

மேலே வளைவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மலைரோட்டில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தே ஆகவேண்டும், பலகையே எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் தோள் துள்ளியது. கணவர் என்னைப் பார்த்தார். மேல் வளைவைப் பார்த்து ஓடினார். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ் வளைவுக்கு ஓடினான். பிறகு ஒவ்வொரு வண்டியாக என்ஜின் அணைகிற சத்தம் கேட்டது. பஸ் டிரைவரிடம் அவர் என்ன சொல்லிக் கும்பிட்டாரோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தார் ரோட்டில் உட்கார்ந்தேன். ஈரம் சேலையில் ஏறியது. அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வா என்று சொல்லக் கூடாது. அழக் கூடாது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பின்னால் உணவகத்தின் வாசலில் எல்லாரும் வந்து நின்றிருந்தார்கள். ஒருவரும் இருமக்கூட இல்லை.

ஒரு கால் இந்தப் பக்கம் வந்தது. அதே நேரம், மேலே எங்கேயோ, விவரம் தெரியாத பின்வண்டிக்காரன் ஒருவன் பொறுமை இழந்து நீளமாக அடித்தான். அவள் உடம்பு அப்படியே பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது. என் கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது அவள் சுவரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தாள். கன்னம் கல்லில் அழுந்தியிருந்தது. பிறகு மெதுவாக மறுகாலையும் இறக்கினாள். என் பக்கம் நடந்து வந்தாள். என்னைத் தொடாமல், என்னைக் கடந்து போய், எங்கள் ஜீப்பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

கணவர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். தம்பி வெறுங்காலோடு நின்று, "அக்கா... அக்கா..." என்றான். வாசலில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். யாரும் கை தட்டவில்லை.

கணவர் சுவர்ப் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

"பாக்காதீங்க," என்றேன்.

பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார். மகள் காதடைப்பானை மாட்டிக்கொண்டு என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். பூண்டிக்குப் போகிற ரோடு முழுக்கப் பனி, ஆள் நீளத்துக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வளைவு வரும்போதெல்லாம் அவர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார், தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். எதிரே எது வருகிறதோ என்று நான் அவள் தலையை இறுக்கிப் பிடித்திருந்தேன். வீடு வந்து சேரும்வரை ஒரு வளைவில்கூட அவர் ஹாரன் அடிக்கவில்லை.