லேசான வண்டிக்கு வைத்த கல்

தராசு ரிப்பேர் செய்கிறவருக்கு வட்டாரத்தில் முள்ளு என்று பேர். தராசு முள் மாதிரி எந்தப் பக்கமும் சாயாத மனுஷர், அதனால் வந்த பேர் என்று ஒரு கட்சி. வாயைத் திறந்தால் குத்தும், அதனால் வந்தது என்று இன்னொரு கட்சி. இரண்டுமே உண்மைதான். காய்கறிக் கடையோ நகைக் கடையோ பழைய பேப்பர் கடையோ, எங்கே தராசு மக்கர் பண்ணினாலும் டூல்ஸ் பெட்டியும் முத்திரை போட்ட எடைக்கற்களுமாக வந்து நிற்பார். "கொஞ்சம் நம்ம பக்கம் சாயற மாதிரி வச்சுக் குடுங்களேன்" என்று எவனாவது குழைந்தால் போச்சு. பெட்டியைப் படாரென்று மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்புறம் அந்தக் கடைப் பக்கமே தலை வைத்துப் படுக்க மாட்டார்.

அந்த டூல்ஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு படம் ஒட்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஏதோ பத்திரிகையிலிருந்து வெட்டியது. கூரை இல்லாத பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், நீள மூக்கு, வெளியே துருத்திக்கொண்டு நிற்கிற ஹெட்லைட். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கப் போனால் அந்தப் படத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். "கட்டின பொண்டாட்டியக்கூட இப்படி ஒரு நாள் பார்த்ததில்ல" என்பாள் மனைவி. "பொண்டாட்டிக்கு ஹெட்லைட் இல்லையே" என்பார் முள்ளு. வாங்குகிற யோசனையெல்லாம் கிடையாது. வாடகை வீடு, இரண்டு பிள்ளைகளின் காலேஜ், இதில் கார் எங்கே, அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்! பார்க்கிறது மட்டும்தான். பார்க்கக் காசா பணமா?

வினை மெத்தைக் கடையில் ஆரம்பித்தது. கடை முள்ளுவின் சகலையுடையது, அதாவது மனைவியின் தங்கை புருஷன். ஆள் தான் விற்கிற மெத்தை மாதிரியே இருப்பார். எங்கே தொட்டாலும் அமுங்கும். யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். முள்ளுவுக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே ஆகாது. ஒரு நாள் பஞ்சு நிறுக்கிற பெரிய தராசு மக்கர் பண்ணுகிறது என்று சகலை கூப்பிட்டனுப்பினார். முள்ளு போய்ப் பெட்டியைத் திறந்தார். சகலையின் கண் மூடியில் விழுந்தது.

"இது என்ன வண்டி சகல?"

முள்ளு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? அதன் எடை எவ்வளவு குறைவு, வளைவில் எப்படித் திரும்பும், ஒரிஜினல் இப்போது கிடைக்கவே கிடைக்காது, ஆனால் அதே அச்சில் புதிதாகச் செய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இரும்புக் குழாயில் சட்டம் கட்டி மேலே ஃபைபர் உடம்பு போட்டு சாதாரணக் காரின் இன்ஜினை உள்ளே வைப்பார்கள் என்று தராசை மறந்து பேசினார். அவர் அத்தனை பேசி அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. சகலை வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கேட்டவர் அடுத்த மாதமே வந்து நின்றார்.

"சகல, நீங்க சொன்னீங்களே அந்த வண்டி, ஒண்ணு விலைக்கு வருதாம். ஒரு பல் டாக்டர் வீட்டு ஷெட்ல வச்சு அவரே செஞ்சதாம். எனக்கு என்ன தெரியும்? நீங்கதான் வந்து பார்க்கணும்."

முள்ளுவுக்கு அடிவயிறு குப்பென்று பற்றிக்கொண்டது. சொல்லுங்கள், பற்றாமல் என்ன செய்யும்? இருபத்தைந்து வருஷமாக இவர் பார்த்துப் பார்த்து வைத்திருந்த ஒன்றை, ஒரு டீ குடிக்கிற நேரம் காதால் கேட்டவர் வாங்கப் போகிறார்!

எப்படியாவது கெடுத்துவிடுவது என்ற முடிவோடுதான் முள்ளு போனார். ஷெட்டில் அது நின்றது. கரும்பச்சை. படத்தில் இருந்ததைவிடச் சின்னது. சீட்டில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் தரையைத் தொடலாம். முள்ளு அதை ஒரு தரம் சுற்றி வந்தார். வந்துவிட்டுக் குறை சொல்ல ஆரம்பித்தார். சைலன்சர் மூட்டு ஒழுகுகிறது என்றார். பிரேக் ஹோஸ் வெடித்திருக்கிறது என்றார். கார்புரேட்டரில் கையை வைத்து மோந்து பார்த்து, "பெட்ரோலைக் குடிக்கல, கொப்புளிக்குது" என்றார். சட்டத்தின் அடியில் துரு என்று மல்லாக்கப் படுத்துக் காட்டினார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சகலை பயந்து ஓடுவதற்குப் பதிலாகப் பல் டாக்டர் பயந்துபோய் விலையை இறக்கிக்கொண்டே வந்தார். கடைசியில் வண்டி பாதி விலைக்கு முடிந்தது. "நீங்க மட்டும் வரலேன்னா நான் நல்லா ஏமாந்திருப்பேன் சகல" என்று மெத்தை அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. முள்ளுவின் முகத்தில் ஈயாடவில்லை.

வாங்கியாயிற்று, சரி செய்ய வேண்டாமா? அதற்கும் இவர்தான். லீவு நாளானால் போதும், விடிந்ததும் சகலை வீட்டுக் கார் ஷெட்டில் இருப்பார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை, அந்த வண்டியைத் தொடாமல் இருக்க முடியவில்லை, அதுதான் நிஜம். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதிக் கழுவினார். ஹோஸ் மாற்றி பிரேக்கில் காற்று எடுத்தார். டாஷ்போர்டுக்குப் பின்னால் பல் டாக்டர் பின்னி வைத்திருந்த ஒயர் சிக்கலைப் பிரித்துப் புதிதாக இழுத்தார். சகலை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டு, "அடடா, அடடா" என்பார். வீட்டுக்கு வந்தால் முள்ளுவுக்குப் பசியாகப் பசிக்கும். தட்டில் விழுகிறதெல்லாம் போகிற இடம் தெரியாது. "வேலை செஞ்ச பசியா, வயித்தெரிச்சலா?" என்பாள் மனைவி. "குழம்பை ஊத்து" என்பார்.

எல்லாம் சரியானபின் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. இங்கேதான் முள்ளு தன் தொழிலைக் காட்டினார். லேசான வண்டிக்கு நாலு சக்கரத்திலும் எடை சரியாக விழ வேண்டும். ஒரு சக்கரம் தரையை அரைமனதாகத் தொட்டால் பிரேக்கில் அது வழுக்கும், வண்டி இழுக்கும். மூட்டை நிறுக்கிற பிளாட்பாரத் தராசு நாலைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து வண்டியை மேலே ஏற்றினார். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற வளையத்தைத் திருகத் திருக எடை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகரும். ஆனால் வெறும் வண்டிக்குச் சரி பார்த்துப் பிரயோஜனமில்லை. ஓட்டுகிறவர் எடை சீட்டில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவரையே நாள் முழுக்க அசையாமல் உட்காரவைக்க முடியாது. அதனால் அவர் எடைக்கு எடைக்கல்.

சகலையை முதலிலேயே தராசில் ஏற்றி நிறுத்தாயிற்று. இறங்கியதும் சகலை கடை திறக்கப் போய்விட்டார். மனைவி துணியில் முடிந்து கொடுத்திருந்த கற்களை முள்ளு ஒவ்வொன்றாகப் பிரித்து ஓட்டுகிறவர் சீட்டில் அடுக்கினார். இன்னும் இரண்டு பெரிய கல் வைக்க வேண்டியிருந்தது. கை நின்றது. வைத்த வரைக்கும் கூட்டிப் பார்த்தால் அது சகலையின் எடை இல்லை. முள்ளுவின் எடை.

ஒரு கிராமுக்காக ஊரோடு சண்டை போட்ட மனுஷர் அந்த இரண்டு கல்லையும் பார்த்துக்கொண்டே நின்றார். 'பேர் அவனுக்கு, சாவி அவனுக்கு. ஓட்டமாவது என் உடம்புக்குப் பொருந்தட்டுமே' என்று நினைத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. இரண்டு கல்லும் துணி மூட்டையாகவே தரையில் கிடந்தன. முள்ளு மண்டியிட்டு வளையங்களைத் திருகினார்.

அன்றைக்குச் சாயங்காலம் டெஸ்ட் பார்க்கிறேன் என்று தெருக்கோடி வரை ஓட்டினார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓங்கி பிரேக் அடித்தார். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. ஆளில்லாத தெருவில் முள்ளு வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சகலை ஏறினார். பிரேக் அடித்ததும் வண்டி அவர் பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியை முகர்ந்தது.

"என்ன சகல இது! நீங்க ஓட்டுனா பசு மாதிரி போகுது, நான் ஓட்டுனா முறைக்குதே. எனக்கு ராசி இல்ல போல. சரிப்படலேன்னா நீங்களே வச்சுக்குங்க. உங்களைத் தவிர வேற யாருக்குக் குடுக்கப் போறேன்?"

முள்ளுவின் காதில் தேன் பாய்ந்தது. இன்னும் ஒரே ஒரு தள்ளு, வண்டி தன் வீட்டு வாசலில். தள்ளினார்.

"வண்டியில தப்பில்ல சகல. இது லேசான வண்டி, லேசான ஆளுக்குச் செஞ்சது. தப்பு உங்க உடம்புல."

சகலையின் சிரித்த முகம் ஒரு நிமிஷம் வாடியது. அப்புறம் வழக்கம்போலச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று முள்ளு சாவிக்காகக் காத்திருந்தார். வீட்டு வாசலில் இருந்த பூந்தொட்டிகளை ஓரமாக நகர்த்திக்கூட வைத்தார். சாவி வரவில்லை. மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. சகலை காலையில் பூங்காவைச் சுற்றி ஓடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். 'அந்த உடம்பா ஓடும்?' என்று முள்ளு சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொரு தட்டு சாப்பிட்டார். காத்திருக்கிறவனுக்குப் பசி அதிகம். நாள் பூராவும் தராசோடு குப்பை கொட்டுகிறவர், அதில் ஒரு தரம் தான் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் ஒரு லீவு நாளில் சகலை வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். முள்ளுவும் மனைவியும் போய் இறங்கினால், வாசலில் பச்சை வண்டி பளபளவென்று நிற்கிறது. கதவைத் திறந்து யாரோ ஒல்லியான ஆள் இறங்கினார். இரண்டு நிமிஷம் கழித்துத்தான் அது சகலை என்று முள்ளுவுக்கு உறைத்தது. மெத்தையிலிருந்து யாரோ பஞ்சை உருவிவிட்டிருந்தார்கள்.

கொழுந்தியாள் ஓடிவந்து அக்கா கையைக்கூடப் பிடிக்காமல் நேரே இவர் முன்னால் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"மாமா, இனிப்பை விடச் சொல்லி டாக்டர் எத்தனை தடவை தலையால தண்ணி குடிச்சார் தெரியுமா? கேட்டாரா இவர்? நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, அன்னைக்கு விட்டார் இனிப்பை. சுகர் இறங்கிடுச்சு, மூச்சு வாங்கறது நின்னுடுச்சு. என் குடும்பத்தையே நிக்க வச்சுட்டீங்க மாமா."

முள்ளுவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கும்பிடாத குறையாக நிற்கிறாள் அவள். அப்படியே பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. அந்த நேரத்திலும், பாழும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது: வண்டியும் அவருக்கு, இப்போது உடம்புமா அவருக்கு?

"இப்ப வண்டி எனக்குன்னே செஞ்ச மாதிரி ஓடுது சகல" என்றார் சகலை. "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. வண்டியில தப்பே இல்ல. இந்தாங்க சாவி. இன்னைக்கு நீங்க ஆசை தீர ஓட்டிட்டு வாங்க, அப்புறம்தான் சாப்பாடு."

கேட்காமலே சாவி கைக்கு வந்தது. முள்ளு ஏறி உட்கார்ந்தார். ஸ்டீயரிங் வயிற்றில் இடித்தது. யாரோ சீட்டை முன்னால் தள்ளியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பின்னால் தள்ளப் பார்த்தார். அது ஏற்கெனவே கடைசியில்தான் இருந்தது. தெருவில் வேகம் எடுத்தார். காற்று முகத்தில் அடித்தது. வளைவு, அப்புறம் நேர் ரோடு. பழைய ஞாபகத்தில் கையை எடுத்துவிட்டு ஓங்கி பிரேக் அடித்தார்.

வண்டி இழுத்தது. அவர் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய் நடைபாதை விளிம்பில் டயர் உரசி நின்றது.

இன்னொரு தரம் அடித்துப் பார்த்தார். இன்னொரு தரமும் இழுத்தது. தன்னுடைய கையால் தன்னுடைய எடைக்குத் திருகிய வண்டி, தன்னை ஆள் தெரியாத மாதிரி உதறியது. முள்ளு மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"எப்படி சகல? நூல் பிடிச்ச மாதிரி போகுதில்ல?" என்று சகலை ஓடிவந்து கேட்டார்.

முள்ளு வாயைத் திறந்தார். இழுக்கிறது என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். "நேராத்தான் போகுது" என்றார்.

சகலை குஷியாகச் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே இலையில் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கப் போனார். மனைவி மட்டும் அங்கேயே நின்றாள். திரும்பி வரும்போது வாசலில் அவர் பிரேக் அடித்ததையும், வண்டியின் மூக்கு ஒதுங்கியதையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

"அன்னைக்குத் தங்கச்சி வீட்டுக்காரர் எடைக்குன்னு நீங்க கொண்டு போன கல்லையெல்லாம் நான்தான் எடுத்து வச்சேன்" என்றாள் தணிந்த குரலில். "ரெண்டு பெரிய கல்லு மட்டும் நான் கட்டின முடிச்சு அவிழாமலே திரும்பி வந்துச்சு. தேவைப்படாம வந்திருக்கும்னு இத்தனை நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் கையை நீட்டி, பட்டன் தெறிக்க நிற்கிற அவர் சட்டையில் வயிற்றுப் பக்கம் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அதுல ஒண்ணு இதோ இங்க இருக்கு. இன்னொண்ணையும் ஏத்திக்காம வந்து அளவா சாப்பிடுங்க, வாங்க."