மச்சான் வண்டியின் பெட்ரோல் டேப்

சிரிப்பதென்றால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குச் சொல்ல ஓடாது. ராமநாதபுரம், ராமேஸ்வரம் தடத்தில் கண்டக்டராகக் குப்பை கொட்டியே முடி நரைத்தவன் நான். கடைசி சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், டிக்கெட்டைக் கிழித்து நீட்டினால் ஆளையே காணோம் என்று எங்கள் டிப்போவில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். டிக்கெட் எடுக்காமல் இறங்கிப் போனவளைப் பேயாக்கிவிட்டாயே என்று கிண்டல் செய்வது நான்தான். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் இன்றைக்கும் எழுந்து போய்விடுவேன். ஆனால் இது நடந்தது. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

உச்சிப்புளியில் என் வீடும் அக்கா வீடும் பக்கத்துப் பக்கத்தில். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், ராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். தினமும் அவ்வளவு தூரம் தன் டூ ஸ்ட்ரோக் வண்டியில்தான் போய் வருவார். அந்த வண்டியை அவர் தொட்டால் தேயும் என்பதுபோல வைத்திருந்தார். வீட்டுக்கு வரும்போது ஒரு பழக்கம், தெருமுனை வாய்க்கால் பாலத்தில் ஏறியதுமே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இடது கையை இறக்கி, டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடிவிடுவார். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது வீட்டு கேட் வரைக்கும் இழுக்கும். தீரப்போகிற நேரத்தில் அந்த எஞ்சின் ஒரு தடவை சத்தத்தை ஏற்றிவிட்டு அப்படியே அடங்கும். வண்டி சத்தமில்லாமல் உருண்டு உள்ளே வரும். அந்த ஏற்றச் சத்தம் கேட்டதும் அக்கா போய் கேட்டைத் திறப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

டீ குடிக்க, பேச என்று நின்றால் டேப்பை மூட மாட்டார். ராத்திரி முழுக்க வண்டி நிற்கப்போகிறது என்றால்தான் மூடுவார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பவித்ரா, அவர்கள் மகள், ஒன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு நாள் மச்சான் வேலை முடிந்து வீட்டுக்கு வரவில்லை. தனுஷ்கோடிப் பக்கம், அப்போது தார் ரோடு முடிகிற இடத்தில், வண்டி ஸ்டாண்ட் போட்டு நின்றது. சாவி வண்டியிலேயே இருந்தது. ஆள் இல்லை. படகு விட்டுத் தேடினார்கள், ஆஸ்பத்திரிகளில் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் சண்டை இல்லை, வேலையில் வம்பு இல்லை. அங்கே எதற்குப் போனார் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அக்கா அன்றைக்கு அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "டேப்பு மூடியிருந்துச்சா, தொறந்திருந்துச்சா?"

யாருக்குத் தெரியும்? நாங்கள் போய்ச் சேர்வதற்குள் போலீஸ்காரர்கள் வண்டியை மினி லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றுகிறவன் எவனும் டேப்பை மூடித்தான் படுக்கப் போடுவான். அந்த ஒரு பதில் அங்கேயே அழிந்துவிட்டது. திறந்திருந்தால், காலை நனைத்துவிட்டு வந்துவிடலாம் என்று இறங்கியவரைக் கடல் இழுத்திருக்கிறது. மூடியிருந்தால் அவராகவே எங்களை விட்டுப் போயிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் என் அக்கா இத்தனை வருஷமும் நின்றாள். தாலியைக் கழற்றவில்லை, காரியம் செய்ய விடவில்லை.

போன வருஷம் பவித்ராவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. சொந்தக்காரர்கள் கூடிக்கொண்டார்கள். அப்பனுக்குக் காரியம் பண்ணாமல் எப்படிப் பத்திரிகை அடிப்பது, காலஞ்சென்ற என்று போடுவதா வேண்டாமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அக்கா அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "அன்னைக்கு டேப்பு எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தராச்சும் சொல்லுங்க. மத்தத அப்பறம் பேசுவோம்."

எல்லோரும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பவித்ரா மட்டும் என்னிடம் வந்தாள். "மாமா, அய்யா வண்டிய ஓட வச்சுக் குடுங்க. நான் அதுலதான் கல்யாண மண்டபத்துக்குப் போவேன்."

அவள் கேட்டு நான் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அக்கா வீட்டுப் பின்கொட்டகையில் தார்ப்பாயை விலக்கினால், வண்டி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் உப்புக் காற்று இரும்பை அப்பளமாக்கிவிடும். டியூட்டி முடிந்து, பையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பு கழன்றுபோகிற வலியோடு தினமும் கொஞ்ச நேரம் அதன் முன்னால் குந்துவேன். பிஸ்டன் இறுகிக் கிடந்தது. டீசலை ஊற்றி ஊறவைத்தேன், மரக்கட்டையை வைத்துத் தட்டினேன், மறுபடி ஊறவைத்தேன். அது அசைந்த அன்றைக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை, அப்படியே தரையில் படுத்துவிட்டேன். பரமக்குடியில் கொடுத்து சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு வாங்கினேன், லீவு கிடைத்த நாளெல்லாம் மதுரையில் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். பெட்ரோல் டேப் மட்டும் நல்லதாகக் கிடைக்கவில்லை. கிடைத்ததிலும் பிடி லொடலொடத்தது. ஓட்டத்தில் ஆடி மூடிக்கொள்ளப் போகிறதே என்று, பிடி திறந்த நிலையில் இருக்கும்படி வைத்து ஒரு வயரால் சுற்றிக் கட்டினேன். என் வீட்டில் புதிதாகத் தண்ணீர் மோட்டார் மாட்டியபோது மிஞ்சிய பச்சை வயர். கட்டிங் பிளேயரால் முறுக்கி, முனையில் இரண்டு முடிச்சு. இதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

முதல் தடவை கிளம்பியபோது தெருவே புகை. அக்கா வாசல் வரைக்கும் வந்து பார்த்தாள். கிட்டே வரவில்லை. "தம்பி, அந்த எடம் வரைக்கும் ஓட்டிட்டு வாரியா?" என்றாள்.

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் போனேன். இப்போது ரோடு கடல் முனை வரைக்கும் போகிறது, வேனும் கூட்டமும் சங்குக் கடையுமாக இருக்கிறது. பழைய ரோடு முடிந்த இடத்தை ஒரு குத்துமதிப்பாகப் பார்த்து நிறுத்தினேன். இறங்கித் தண்ணீர் வரைக்கும் நடந்தேன். என்னத்தைப் பார்க்க? தண்ணீர்தான் இருந்தது. எனக்கு அழுகையும் வரவில்லை, அசதிதான் வந்தது. திரும்பி வந்தபோது குனிந்து டேப்பைப் பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று தெரியாது. திறந்த நிலையில் இருந்தது. வயர் இறுக்கமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கையால் தொட்டுப் பார்த்தேன்.

வரும் வழியெல்லாம் வண்டி வெண்ணெயாக ஓடியது. பாம்பன் பாலத்தில்கூட ஒரு முக்கல் முனகல் இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் தெருமுனைக்கு வந்தேன். வாய்க்கால் பாலத்தில் ஏறினேன், என் இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான் இருந்தது. இடது தொடைக்குப் பக்கத்தில் என்னவோ உரசியது, பேண்ட்டுதான் காற்றில் அடிக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் சத்தம் ஏறியது. ஏறி, அப்படியே அடங்கியது.

வண்டி உருண்டு வந்து அக்கா வீட்டுக்கு முன்னால் நின்றது. கேட் விரியத் திறந்திருந்தது. அக்கா ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் இறங்கிக் குனிந்தேன். டேப் மூடியிருந்தது. வயர் இல்லை.

"அக்கா, இந்த டேப்பு லூசு, அதான்..." என்று இழுத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, காலியாக இருந்த பின்சீட்டைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். அத்தனை வருஷத்து அழுகையை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வீட்டுக்கு வரணும்னுதான்லே இருந்திருக்காரு" என்றாள். "இங்கன வந்துதான மூடிருக்காரு. போதும் தம்பி. இனிமே ஆக வேண்டியதப் பாருங்க."

அந்த வாரமே தேவிபட்டினத்தில் கடலில் முங்கிக் காரியம் செய்தோம். கல்யாணமும் நன்றாக நடந்தது, பவித்ராவை அந்த வண்டியில் நான்தான் கூட்டிப்போனேன். தாலி இல்லாத கழுத்தோடு அக்கா மேடையில் நின்றாள், முணுமுணுத்தவர்களைப் பவித்ரா ஒரு முறை முறைத்தாள், அடங்கிவிட்டார்கள்.

இதுவரைக்கும் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பிடி லூசு, அதிர்வில் வயர் அவிழ்ந்து விழுந்திருக்கும், டேப் மூடிக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானம் செய்தேன். மறுநாள் பாலத்திலிருந்து கேட் வரைக்கும் தேடிப்பார்த்தேன், வயர் கிடைக்கவில்லை, எங்கேயோ ரோட்டில் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

காரியத்தன்று வீட்டில் படையலில் வைக்க மச்சானுடைய சட்டை ஒன்று வேண்டும் என்றார்கள். அவர் துணிகளை அக்கா ஒரு டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாள், சாவி எப்போதும் அவள் இடுப்பில். எல்லோர் முன்னாலும் திறந்தாள். மடிப்பு மஞ்சளாகிப்போன ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள். அதன் பையிலிருந்து என்னவோ கீழே விழுந்தது.

பச்சை வயர். அழகாக வளையம் வளையமாகச் சுருட்டி இருந்தது. முனையில் இரண்டு முடிச்சு, பிளேயர் கடித்த தடம்.

அக்கா எடுத்துப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தாள். "துண்டு வயரக் கூட தூக்கிப் போட மாட்டாரு மனுசன்" என்று சொல்லி, அதைச் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தாள். பழைய காலத்து வயர் என்று நினைத்துக்கொண்டாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

டேப்பை அதற்கப்புறம் நான் கட்டவில்லை. லொடலொடவென்று ஆடிக்கொண்டேதான் ஓடுகிறது, ஒருநாளும் தானாக மூடியதில்லை. சட்டை பெட்டியில் இருக்கிறது. அந்த வயரை வெட்டிய மிச்சச் சுருள் என் வீட்டு மோட்டார் சுவிட்சுக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது, தினமும் காலையில் தண்ணீர் போடப் போகும்போது கண்ணில் படுகிறது.