கொக்கி வைத்த வேல்

எங்கள் வீட்டுச் சுவரில் பத்துப் பதினைந்து கத்திகள் தொங்கின. வெங்காயம் நறுக்க ஒன்றுகூட உதவாது. எல்லாம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்திகள். சித்தப்பாவின் சொத்து.

சித்தப்பா ஜெயங்கொண்டத்து முந்திரிப்பருப்பைக் காரைக்காலுக்குக் கொண்டுபோய் விற்பவர். போகும்போது பருப்பு, வரும்போது கத்தி. அங்கே பழைய சிப்பாய்களின் வீடுகளில் அவை தேங்காய் உரித்துக்கொண்டும் மாட்டுக்கு முளைக்குச்சியாக நின்றுகொண்டும் இருந்தன. அவற்றைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வருவார். சித்தப்பாவை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் சுவரைப் பார்த்துவிட்டு, காபி ஆறுவதற்குள் எழுந்து போனார்கள்.

போகாமல் உட்கார்ந்தவர்களுக்குப் பிரசங்கம் நடக்கும். பித்தளைப் பிடியும் பாம்பு நெளிவுமாக இருந்தால் அது மூத்தது. மரப்பிடி வைத்து நேராக இருந்தால் அதற்கு அடுத்தது. இரண்டுக்கும் அலகின் முதுகில் கொடிபோல் ஓடும் கூட்டெழுத்தில் பட்டறையின் பெயரும் மாதமும் வருஷமும் வெட்டியிருக்கும். மூன்றாவதுதான் பதினாலாம் வருஷத்து ஜெர்மன் சண்டைக்குப் போனது. ஊசிபோல் ஒல்லி, குறுக்கே பார்த்தால் சிலுவை வடிவம், குத்தத்தான் தெரியும், வெட்டத் தெரியாது. அதன் பிடி சிலதில் வெள்ளையாக இருக்கும், சிலதில் பித்தளை. பிடிக்கு மேலே ஒரு குறுக்குக்கட்டை. அதில் கொக்கி இருந்தால் முந்தியது, கொக்கியை வெட்டியிருந்தால் பிந்தியது. அந்தக் கட்டையில் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். அதே எண் உறையிலும் இருக்கும்.

மாதாகோயில் ஞானோபதேசக் கேள்விகளுக்கு விழிக்கிற எனக்கு இது மட்டும் தலைகீழாக வரும். இன்றைக்குக் கண்ணாடி இல்லாமல் பஸ் எண்ணைப் படிக்க முடியாமல் கண்ட பஸ்ஸிலும் ஏறி இறங்குகிறேன். அன்றைக்கு என் கண்ணுக்கு வீட்டில் ஏக மரியாதை.

சுவரில் ஒரு வெற்று உறையும் தொங்கியது. அது விலைக்கு வந்ததல்ல. அப்பாவுக்கும் மூத்தவரான பெரியப்பாவுடையது. அவர், வீட்டில் கோபித்துக்கொண்டு காரைக்காலுக்கு ஓடி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, கப்பலேறிப் போனவர். சண்டை முடிந்து அவருடைய கூட்டாளி ஒருவர் வந்து அந்த உறையைக் கொடுத்தாராம். இடுப்புவாரும் உறையும் பதுங்குகுழிக்குள் கிடந்தன. ஆளையும் காணோம், துப்பாக்கியையும் காணோம், கத்தியையும் காணோம் என்றாராம். உறையில் எச் 40713 என்று இருந்தது. அதே எண்ணுள்ள கத்தியைத்தான் சித்தப்பா தேடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். மற்றக் கத்திகள் தேடும்போது மாட்டியவை.

ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாள் நெருங்கும்போது, பூசைக்கு இறந்தவர்களின் பெயர் கொடுப்பதில் வீட்டில் சண்டை வரும்.

“இந்த வருசமாச்சும் அண்ணன் பேரைக் குடுத்துருவோம்டா. ஒரு பூசை இல்லாம அது ஆத்துமா எங்க அலையுதோ” என்பார் அப்பா.

“கத்தி கெடைக்கட்டும், குடுக்கலாம்” என்பார் சித்தப்பா.

அந்த வருஷம் புரட்டாசியில் கத்தி கிடைத்தது, கிடைத்ததுபோல இருந்தது. பருப்பு பார்க்க முந்திரிக்காட்டுக்குள் போன சித்தப்பா, அங்கே ஒரு முனீஸ்வரன் கோயிலில் பீடத்தில் நட்டிருந்த வேல் ஒன்றைப் பார்த்தார். வேல் ஊசிபோல் ஒல்லியாக இருந்தது. அடியில் ஒரு கொக்கி. கொக்கியில் மாலை.

“எங்க மாமன் நட்டதுங்க. வெள்ளக்காரன் சண்டைக்குப் போயிருந்தாருல்ல, அங்க கீழ கெடந்துச்சாம். உசுரோட ஊடு திரும்புனா ஒனக்குத்தான்னு முனியனுக்கு நேந்துக்கிட்டு எடுத்தாந்தாரு. அவரு போயிட்டாரு, வேலு இருக்கு” என்றார் பூசாரி.

பிடி பீடத்துக்குள் புதைந்திருந்தது. குறுக்குக்கட்டை வெளியே இருந்தாலும், அதன்மேல் எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் விரல் தடிமனுக்கு ஏறியிருந்தன. சுரண்டிப் பார்க்கிறேன் என்று கேட்டால் உதை கிடைக்கும். ஆகவே சித்தப்பா ஒரே வழியைப் பிடித்தார். அபிஷேகத்துக்குக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் பாலும் இளநீரும் இறங்கின. அழுக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஊறியது. கிறிஸ்து வேதக்காரருக்கு முனியன் மேல் இவ்வளவு பக்தியா என்று அந்த ஊர் மெய்சிலிர்த்தது. எங்கள் ஊர் பல்லைக் கடித்தது. சித்தப்பா வெள்ளிக்கிழமை அபிஷேகம் செய்வார். சனிக்கிழமை பங்குச் சாமியாரிடம் போய் அந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார். சாமியாரும் அலுத்துப்போய், “அடுத்த வாரத்துக்கும் சேத்து இப்பவே சொல்லிடேன்” என்றாராம்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். பூசாரியைத் தவிர பீடத்தில் ஏறலாமென்றால் அது வயசுக்கு வராத பெண்பிள்ளை மட்டும்தான். தண்ணீர்க் குடம் எடுத்துக் கொடுக்க. பூசாரிக்கோ எழுத்து தெரியாது. இப்படியாக, என் வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக நான் தவிர்க்க முடியாத ஆளானேன்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம்; பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில், ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளி, போய்ச் சேர்ந்தோம். பூசாரி என் நெற்றியைப் பார்த்தார்.

“பொட்டு இல்லாம எப்புடி பாப்பா மேல ஏறுவ?” என்று குங்குமத்தை அப்பினார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன்.

“போற வழியில தொடச்சுக்கலாம். ஏறு” என்றார்.

பால் இறங்கியது. பூசாரி தேங்காய் நாரால் தேய்த்தார். அழுக்கு பாளம் பாளமாகப் பெயர்ந்தது.

“எழுத்து தெரியுது சித்தப்பா! எச்!”

கீழே நின்ற சித்தப்பா துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “மெதுவா. மெதுவாப் படி பிள்ள.”

“நாலு. சைபரு. ஏழு. ஒண்ணு.”  அந்த எண்ணைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் நான். கடைசி எண்ணின் இடது பக்கம் துருவுக்குள் இருந்தது. வலது பக்கத்தில் இரண்டு வளைவு தெரிந்தது. அது போதாதா?

“மூணு! மூணு சித்தப்பா! நம்ம கத்தி!”

சித்தப்பா முனீஸ்வரன் முன்னால் நின்றபடி நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். அப்புறம் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். ஆண்டவருக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

“பாப்பா, இன்னங் கொஞ்சம் அழுக்கு கெடக்கு, இரு” என்று பூசாரி, தொடங்கிய வேலையை முடிக்கும் சிரத்தையோடு நாரை மறுபடி அழுத்தினார். துரு உதிர்ந்தது. வளைவுகள் இடது பக்கமும் போய் மூடிக்கொண்டன.

 “சித்தப்பா... எட்டு.”

“என்ன?”

“மூணு இல்ல. எட்டு.”

“நல்லாப் பாரு. கை வச்சுத் தடவிப் பாரு.”

தடவினேன். எட்டேதான். அழுதுவிட்டேன். இத்தனை பாலும் இளநீரும், சாமியாரிடம் பட்ட வெட்கமும் ஓர் எண்ணில் போய்விட்டன.

சித்தப்பா எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். சிரித்தார். முகம் வியர்வையில் நனைந்திருந்தது.

“அட, எட்டு! இதுக்கு ஏன் அழுவுற? பூசாரி, பிள்ளைக்கு அந்த இளநீ ஒண்ணு வெட்டுங்க.”

திரும்பும்போது பஸ்ஸில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். அவர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். ஏற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் குதித்துப் போய்ப் பஸ்ஸைத் தள்ளினார்.

வீட்டு வாசலில் அப்பா காத்திருந்தார். “நம்பர் சேந்துச்சா?”

“இல்லண்ணே. அது வேற யாருதோ. அண்ணன் கத்தி அது கையிலயேதான் இருக்கு.”

அப்பா அவர் வேட்டியில் மிச்சமிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். “சரி. அப்ப இந்த வருசமும் பேரு குடுக்க வேண்டாம்” என்றார். ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சித்தப்பாவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சித்தப்பா அன்றுபோல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எனக்குக் கோபமாக வந்தது. இத்தனை வருஷம் தேடிய பொருள் கிடைக்கவில்லை. ஒரு மனுஷருக்கு அதில் துளி வருத்தம் வேண்டாமா? இவரெல்லாம் என்ன தேடினார்? உறையை எடுத்து அவர் துணியால் துடைப்பதையும், வெறுமையாகவே திரும்பச் சுவரில் மாட்டுவதையும் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். எட்டு மூன்றாக இருந்திருக்கக் கூடாதா என்று பரலோகத்துச் சகல அர்ச்சியசிஷ்டவர்களையும் கூப்பிட்டு வேண்டிக்கொண்டேன். அந்த வீட்டில் அன்று அப்படி வேண்டிக்கொண்டது நான் ஒருத்திதான்.